பேட்டரி மாற்ற எதற்குக் கடவுச்சொல்?

செல்போன் ரிப்பேர் கடைகளில் தரும் ரசீதைக் கவனித்திருக்கிறீர்களா? பல கடைகளில் பெயர், நம்பர், என்ன பழுது, எவ்வளவு முன்பணம் என்ற வரிகளுக்குக் கீழே ஒன்பது புள்ளிகள் அச்சடித்திருப்பார்கள். கோலம் போடுவதற்கு அல்ல. நம் போனைத் திறக்கும் பேட்டர்னை அதில் வரைந்து கொடுக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் இல்லாத கடையில் ஒரு துண்டுத் தாளில் நான்கு எண்களை எழுதி, போனின் முதுகில் டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். பிறகு அந்தப் போன் மேசையில் மற்ற போன்களோடு நாள் முழுக்கக் கிடக்கும். பூட்டும் சாவியும் ஒன்றாக.

இது கடைகளின் சாதாரண வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தைப் பெண்கள் மறுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் தொழில்நுட்பத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதைச் சொல்லித்தான் நம் வாயை அடைக்கிறார்கள். பேட்டரி மாற்றுவதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. சார்ஜிங் போர்ட் மாற்றத் தேவையில்லை. உடைந்த டிஸ்ப்ளேயைக் கழற்றிப் புதிதாகப் பொருத்தவும் தேவையில்லை. இவை ஸ்க்ரூ டிரைவரும் ஹீட் கன்னும் செய்யும் வேலைகள். "டச் வேலை செய்கிறதா என்று செக் பண்ணணும்" என்பார்கள். செய்யட்டும். அவசர அழைப்புத் திரையில் எண்களை அழுத்திப் பார்க்கலாம். பெரும்பாலான போன்களில் பூட்டைத் திறக்காமலே கேமரா திறக்கும். அதற்கு மேலும் சோதிக்க வேண்டுமென்றால் போனுக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட்டு, அவள் கையால் திறக்கச் சொல்லி, அவள் முன்னால் சோதிக்கலாம்.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் சார்ஜிங் பின் மாற்றப் போனபோது இதைத்தான் சொன்னேன். "நான் இங்கேயே இருக்கேன், வேண்டும்போது திறந்து தரேன்" என்றேன். கடைக்காரர் எனக்குப் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த தம்பியைப் பார்த்து, "அக்காகிட்ட சொல்லுங்க பாஸ், நாங்க என்ன போட்டோவா பாக்கப் போறோம்?" என்றார். நான் போட்டோவைப் பற்றிப் பேசவே இல்லை. பின் மாற்றுவதைப் பற்றித்தான் பேசினேன். கடவுச்சொல் தர மறுக்கும் பெண் எதையோ மறைக்கிறாள் என்ற முடிவுக்கு அவர் அரை நிமிடத்தில் வந்துவிட்டார். மறைக்க ஒன்றுமில்லாதவள் தந்துவிடுவாள் அல்லவா? இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதல்ல. ஹாஸ்டல் வார்டனிடமும் மாமியார் வீட்டிலும் கேட்டதுதான். இப்போது கடை கவுன்டரில் கேட்கிறோம்.

"எல்லோரும் அப்படியா? நாலு பேர் செய்வதற்கு எல்லாரையும் குறை சொல்லலாமா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு ஆய்வு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் 16 பழுதுநீக்கும் கடைகளுக்கு லேப்டாப்களைக் கொண்டுபோனார்கள். ஒலி வராதபடி சிறு கோளாறு ஒன்றை அவர்களே உண்டாக்கியிருந்தார்கள். சில ஆண்கள் பெயரில், சில பெண்கள் பெயரில். கடைக்காரர் எதைத் திறக்கிறார் என்பது உள்ளே ரகசியமாகப் பதிவாகும். இரண்டு கடைகளின் பதிவுகளை மீட்க முடியவில்லை. இரண்டு கடைகளில் வாடிக்கையாளர் முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. மீதி 12இல் 6 கடைகள் தனிப்பட்ட கோப்புகளைத் துழாவியிருந்தன. இரண்டு கடைகள் அவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டன. பெண்களுடையதாகத் தெரிந்த கருவிகளே அதிகம் துழாவப்பட்டன. பேட்டரி மாற்ற மட்டும் ஒரு லேப்டாப்பை 11 கடைகளுக்குக் கொண்டுபோனபோது, ஒன்றைத் தவிர எல்லாக் கடைகளும் கடவுச்சொல் கேட்டன.

கனடாவின் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் இந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தேடி அலைவதில் பயனில்லை. கண்முன் வேலை நடந்த கடைகளில் துழாவ வாய்ப்பே இருக்கவில்லை. நமக்கு வேண்டியது கடைக்காரரின் நற்குணத்துக்கான உத்தரவாதம் அல்ல, வேலை நடக்கும் முறையில் ஒரு மாற்றம்.

நமக்குக் கிடைப்பதோ அறிவுரை. "போனில் எதற்கு அந்த மாதிரி போட்டோ வைத்துக்கொள்கிறீர்கள்?" கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் இதையே சொல்கிறார்கள். "கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்." திரை கறுத்துப் போன போனில் எதை அழிப்பது? பழுதாகிவிட்டதால்தானே கடைக்கே போகிறோம்? அதோடு "அந்த மாதிரி" என்பது எது? குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அக்கா எடுத்த படம், தோல் டாக்டருக்கு அனுப்பிய முதுகுப் படம், தோழியின் வீட்டில் துப்பட்டா இல்லாமல் ஆடிய வீடியோ. எதை எடுத்து எங்கே போட்டால் அவமானமாகும் என்பதை எடுப்பவன்தான் முடிவு செய்கிறான். வெறும் முகம் இருந்தாலே போதும், மீதியைச் செயலிகள் செய்துவிடும்.

"லோக்கல் கடைக்குப் போனால் இப்படித்தான், கம்பெனி சர்வீசுக்குப் போங்கள்" என்பது இன்னொரு அறிவுரை. 2016இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் ஐபோனை ஆப்பிள் நிறுவனத்திடமே பழுது பார்க்கக் கொடுத்தார். அந்த நிறுவனத்தின் ஒப்பந்த மையத்தில் வேலை பார்த்த இருவர் அவருடைய அந்தரங்கப் படங்களை அவர் பேஸ்புக் பக்கத்திலேயே ஏற்றினார்கள். ஆப்பிள் மில்லியன் கணக்கான டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்ட செய்தி 2021இல் வெளியானது. ஆக, குளிரூட்டப்பட்ட அறையும் சீருடையும் காப்பாற்றுவதில்லை. நம்மில் பலருக்கு அங்கே கேட்கும் பணத்தைக் கொடுக்கவும் முடியாது. தெருமுனைக் கடை நமக்கு வேண்டும். அது நமக்கும் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

படங்கள் வெளியே போனால் யார் தலைகுனிகிறார்கள்? 2008இல் ஹாங்காங்கில் ஒரு நடிகர் பழுது பார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து படங்கள் வெளியேறி உலகெங்கும் பரவின. அவரும் மன்னிப்புக் கேட்டு அந்த ஊர்த் திரையுலகிலிருந்து விலகினார். ஆனால் அந்தப் படங்களில் இருந்த ஒரு பாடகி, எந்தக் குற்றமும் செய்யாதவர், பத்திரிகையாளர்கள் முன் நின்று வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அவர் நடித்திருந்த படத்திலிருந்து அவருடைய காட்சிகள் வெட்டப்பட்டன. கணினியில் இருந்ததை எடுத்த பழுதுநீக்குநருக்கு எட்டரை மாதச் சிறை. தண்டனைக் காலம் அவனுக்கு முடிந்தது. அந்தப் பெண்களுக்கு?

நம் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கருவியிலிருந்து தரவைப் பிரதி எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின் விளக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பெண் அந்தரங்கப் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாம் நபருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். "ஏன் எடுத்தாய்?" என்ற கேள்வியைச் சட்டமே ஒதுக்கிவிட்டது. காவல் நிலையத்து மேசையும் வீட்டுக் கூடமும்தான் இன்னும் ஒதுக்கவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய நோக்கியா ஆலையில் போன்களைப் பூட்டியவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்களைப் பூட்டுபவர்களும் அவர்களே. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமானதை எதிர்த்துச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தவர்களும் அவர்களே. ஷிப்டுக்கு ஷிப்டு நின்று போனைச் செய்யும் கைகள் பெண்களுடையவை. ஆனால் ரிட்சி தெருவிலிருந்து நம் ஊர்ப் பேருந்து நிலையம் வரை போனைத் திறந்து பார்க்கும் மேசைகளில் ஒரு பெண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு டெக்னிக்கல் வராது என்பதல்ல காரணம். கூலி வேலைக்கு அவள் கை வேண்டும், கடைக்கு முதலாளியாக அவள் வேண்டாம். ஐ.டி.ஐ.களில் ஸ்மார்ட்போன் டெக்னீஷியன் பிரிவு இருக்கிறது. அதில் பெண்களைச் சேர்த்து, கடை வைக்கக் கடனும் கொடுக்கட்டும்.

அதுவரை கடைகளிடம் நாம் கேட்க வேண்டியவை சில. பேட்டரி, டிஸ்ப்ளே, சார்ஜிங் போர்ட் வேலைகள் வாடிக்கையாளர் கண்முன் நடக்க வேண்டும். ரசீதிலிருந்து ஒன்பது புள்ளிகள் போக வேண்டும். அதற்குப் பதில், யார் வேலை பார்த்தார், எந்த நேரத்தில் வாங்கினார், எப்போது கொடுத்தார் என்பதை எழுத வேண்டும். உள்ளாட்சிகள் தரும் தொழில் உரிமத்திலேயே இவற்றை நிபந்தனையாக்கலாம். வியாபாரிகள் சங்கங்கள் தாமாக முன்வந்தாலும் நல்லது. ஒழுங்காக வேலை பார்க்கும் கடைக்காரருக்கு இதில் நஷ்டமில்லை, சந்தேகத்திலிருந்து அவரையும் இது காப்பாற்றும்.

போனை விட்டுவிட்டு வந்தே ஆக வேண்டிய வேலை என்றால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். மெமரி கார்டைப் பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாமலே வேறு கருவியில் படித்துவிடலாம். சாம்சங்கில் பராமரிப்புப் பயன்முறை 2022 முதல் வந்திருக்கிறது. திரை வேலை செய்தால் அதைப் போட்டுக் கொடுங்கள், படங்களும் செய்திகளும் மறைந்திருக்கும். ஆனால் இவற்றைச் செய்யாமல் கொடுத்த பெண்ணிடம் யாரும் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்கக் கூடாது. வீட்டுக்குப் பூட்டுப் போடாதவளின் நகையைத் திருடினாலும் அது திருட்டுதான்.

அடுத்த முறை கவுன்டரில் பேனாவையும் ரசீதையும் நம் பக்கம் தள்ளும்போது, புள்ளிகளை இணைக்காமல் திருப்பித் தள்ளுவோம். "பேட்டரி மாற்ற எதற்கு?" என்று கேட்போம். ஒருத்தி கேட்டால் "வேற கடை பாருங்க" என்பார்கள். தெருவில் உள்ள எல்லோரும் கேட்டால் ரசீதைத்தான் மாற்றி அச்சடிக்க வேண்டியிருக்கும்.