தறிக்கூடமும் தொட்டிலும்

பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதால்தான் கத்தோலிக்கக் குடும்பங்கள் சுருங்கிவிட்டன என்ற குற்றச்சாட்டை இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் அடிக்கடி கேட்கிறோம். கூண்டில் நிறுத்தப்படுபவள் தாய். இத்தீர்ப்பை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

கணக்கில் ஓரளவு உண்மை உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நெசவு நகரங்களான பர்ன்லி, பிளாக்பர்ன் ஆகியவற்றில் மணமான பெண்கள் பெருந்தொகையாய்த் தறிகளில் நின்றார்கள். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டபோது, துணித்தொழிலாளர் குடும்பங்கள் சிறியனவாகவும், மனைவியர் பெரும்பாலும் வீட்டிலிருந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பெரியனவாகவும் இருந்தன. ஆனால் அந்நகரங்களின் மற்றொரு செய்தியைக் கண்டனக்காரர்கள் சொல்வதில்லை. பால்குடி மாறாத குழந்தையை அண்டை வீட்டில் விட்டுவிட்டுத் தாய் ஆலைக்கு ஓடினாள். அழாமல் உறங்க அதற்கு அபினி கலந்த மருந்தும் புகட்டப்பட்டது. அடுத்த பிள்ளைக்கு அவள் அஞ்சியது செருக்கினாலா?

நம் ஊருக்கு வருவோம். 1936இல் இராசபாளையம் மில்ஸ் தோன்றியது முதல் நூல்தான் இங்கே சோறு. சத்திரப்பட்டி விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி ஊரார் காயத்தையெல்லாம் கட்டுகிறது. நெய்பவளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உழைக்கும் இடத்தில்தான் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. நான்கு தறிக் கூடத்துப் பெண் அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தமோ முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரமும் அதன்பின் 12 வாரமும் விடுப்பென அளந்தது. சட்டமே மூன்றாம் பிள்ளையை முகஞ்சுளித்து வரவேற்கையில், தாயை மட்டும் கடிந்து என்ன பயன்?

தறிச் சத்தமே கேட்காத மாவட்டங்களையும் சேர்த்துத்தான் தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1992-93இல் 2.5ஆக இருந்து, 2019-21இல் 1.8ஆகக் குறைந்தது. எனவே பழியை ஆலைவாசலில் மட்டும் இறக்கிவைக்க முடியாது. வரதட்சணையை யார் பேசுவது? திருமணச் செலவுக்கான மொத்தத் தொகையைக் காட்டி, தமிழக நூற்பாலைகள் பல கன்னிப் பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கியதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயர்! அத்தொகையைக் கேட்டு வாங்கிய மாப்பிள்ளை வீடுகளில் திருமுழுக்குப் பெற்ற வீடுகள் இல்லையா? இரண்டு பெண்களுக்குச் சீர் செய்து களைத்த தந்தை மூன்றாவதை நினைத்து நடுங்குகிறார். அதுவும் தாயின் குற்றமோ?

திருச்சபையின் போதனை தெளிவாகவே உள்ளது. தொழிலாளிக்கு வாழ்வுக்குப் போதிய ஊதியம் நீதியின் கடன் என்று 1891இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் எழுதினார். குடும்பத்துக்குப் போதுமான ஊதியம், இல்லையேல் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு உதவித்தொகை என்று 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்பதை இறைவன் திருமுன் பெற்றோரே முடிவு செய்யவேண்டும் என்றது இரண்டாம் வத்திக்கான் சங்கம். இம்மூன்றையும் மறைத்துவிட்டு நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்துப் பெண்ணை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவள் நூல் நூற்றாள், உண்மை. அவளுக்கு வேலைக்காரிகள் இருந்ததையும் அதே அதிகாரம் சொல்கிறது.

பங்கு மண்டபங்கள் பல, திருமண வரவேற்பு இல்லாத நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பக்கத்தில் நாலு தொட்டில் கட்டலாம். நியாயமான சம்பளத்தில் இரண்டு ஆயாக்களை அமர்த்தலாம். அச்செலவைப் பெரிய குடும்பங்களுக்காக உருகுவோர் முதலில் ஏற்கட்டும்.