ஸோம்பியும் பால்மாவும்



போன எபிசோடில் வந்த நேயர் கேள்வி ஞாபகம் இருக்கும்: ஸோம்பிகள் நிறைந்த உலகத்தில் ஒரு கைக்குழந்தையை உயிரோடு வைத்திருக்கிறது நடக்கிற காரியமா? அரை மணித்தியாலம் பேசினோம். சத்தம் வெளியே போகாத தொட்டில், சோலாரில் ஓடுற பால் சூடாக்கி, பிள்ளை அழப்போகுது என்று முன்கூட்டியே சொல்லுற சென்சர் என்று பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன்: "சான்ஸே இல்லை. பிள்ளை ஒருக்கா அழுதால் எல்லாரும் காலி."

எபிசோட் வந்து இரண்டாம் நாள் சித்தி கோல் எடுத்தா. "அதை என்னட்டைக் கேட்டிருக்கலாமே தம்பி" என்றா.

2009-இல் நாலு மாதக் குழந்தையோடு முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தவ சித்தி. அந்தக் குழந்தைக்கு இப்போ பதினாறு வயது. எங்கட பொட்காஸ்டை 1.5 வேகத்தில் கேட்கிறவன். வீட்டில் அவன் போட்டுவிட்டதைத்தான் சித்தியும் கேட்டிருக்கிறா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆகவே இந்த வாரக் கடிதம் ஒரு திருத்தம்.

முதலில் அழுகை. இந்த வகைக் கதைகளில் எல்லாம் சத்தம்தான் எதிரி. 2018-இல் வந்த "எ குவயட் பிளேஸ்" படத்தில் பிறந்த குழந்தையை ஒரு மரப்பெட்டிக்குள் ஒட்சிசனோடு வைத்து மூடுவார்கள். ஒளிந்திருக்கிற இடம் தெரியாதவரை தப்பலாம் என்பதுதான் அடிப்படை. சித்தி சொன்னது வேறு: "செல் விழுற சத்தத்தில பிள்ளை அழுறது எனக்கே கேக்காது. வாய் திறந்திருக்கிறதைப் பாத்துத்தான் அழுறான் எண்டு தெரியும்."

அங்கே ஒளிக்க எதுவும் இருக்கவில்லை. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு. சேலைகளைப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கிய பங்கருக்குள் சனம். அந்த இடத்துக்கு அரசாங்கமே "பாதுகாப்பு வலயம்" என்று பெயர் வைத்திருந்தது. மருத்துவமனைகள் எங்கே இருக்கின்றன என்று ஜிபிஎஸ் விபரத்தோடு இராணுவத்துக்குத் தெரிந்திருந்தது, அப்படியிருந்தும் அவை தாக்கப்பட்டன என்று 2011-இல் வந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை சொல்லுகிறது. புலிகள் சனத்தை வெளியேற விடாமல் மறித்ததையும், தப்பி ஓடினவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொல்லுகிறது. எங்கட வீடுகளில் பலர் இதில் ஒரு பாதியைத்தான் சொல்லித் தருவார்கள். இரண்டையும் வாசிக்க வேண்டும். சித்தி இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளையோடு இருந்தா.

அடுத்தது பால். "த வோக்கிங் டெட்" மூன்றாவது சீசனில் ஜூடித் பிறந்ததும் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் போய், கைவிடப்பட்ட ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பால்மா எடுத்து வருவார்கள். பிரச்சினை முடிந்தது. உண்மையில் பால்மா டின் கிடைத்தால்தான் பிரச்சினை தொடங்குது. பால்மா கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. அதனால்தான் கொதித்த தண்ணீரில், சூடு 70 பாகைக்குக் கீழே இறங்குவதற்கு முதல் கரைக்கச் சொல்லுகிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டுத் தரமாவது குடிக்கும். எட்டுத் தரம் விறகு, நல்ல தண்ணீர், கழுவின போத்தல். உப்புக் கரிக்கிற மணல் கிணற்றுக்குப் பக்கத்தில், செல் விழுகிற நேரத்தில் யார் வெளியே போய் அடுப்பு மூட்டுறது?

தாய்ப்பாலுக்கு இது ஒன்றும் தேவையில்லை. பயத்தில் பால் வற்றிவிடும் என்று நம்புகிறோம். பயம் பால் இறங்குவதைக் கொஞ்ச நேரம் தாமதிக்கும், ஆனால் சுரப்பதை நிறுத்தாது. பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டே இருந்தால் திரும்ப வரும். ஆனால் தாய் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். அரிசியும் உப்பும் தண்ணீரும் போட்டுக் காய்ச்சின கஞ்சிதான் அங்கே கிடைத்தது. மே மாதத்தில் கோயில் வாசலிலும் மண்டபத்திலும் எங்கட கையில் ஒரு கோப்பை கஞ்சி தருவார்களே, அது அதுதான். சிறு வயதில் உப்புக் கூட என்று முகம் சுளித்திருக்கிறேன். சித்தியின் பிள்ளை குடித்த பால் அந்தக் கஞ்சியில் இருந்து வந்தது. பங்கரில் பக்கத்தில் இருந்த அக்கா தன் பங்கில் பாதியைச் சித்திக்கு ஊற்றி, "நீ ரெண்டு பேருக்குக் குடிக்க வேணும்" என்றாவாம். அந்த அக்காவுக்கு என்ன நடந்தது என்று சித்திக்குத் தெரியாது.

எல்லாத் தாய்மாருக்கும் பால் கொடுக்க முடியாது. காயப்பட்டவர்கள், தாயை இழந்த பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். அவர்களுக்காக அம்பலவன்பொக்கணையில் சுகாதாரப் பணிமனை பால்மா கொடுக்க ஒழுங்கு செய்தது. 2009 ஏப்ரல் 8-ஆம் தேதி, பெண்களும் பிள்ளைகளும் நின்ற அந்த வரிசையில் செல் விழுந்தது. இறந்து கிடந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை இன்னும் இருந்தது என்று ஐ.நா. அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. எந்த ஸோம்பிப் படத்திலும் அந்த வரி இல்லை.

என் தொழில் சார்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சிஸ்டத்தைத் திட்டமிடும்போது நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை பேர் பாவிக்கப் போகிறார்கள்? 2009 பெப்ரவரியில் உள்ளே இருப்பவர்கள் 70,000 அளவு என்று அரசாங்கம் சொன்னது. மே முடிவில் முகாம்களில் இருந்தவர்கள் மட்டும் 2,80,000-க்கு மேல். கப்பலில் எவ்வளவு உணவும் மருந்தும் போகலாம் என்பது அந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் முடிவானது. சரிபார்க்கக்கூடிய ஐ.நா. பணியாளர்கள் 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். குறைத்துச் சொன்ன ஒவ்வொரு எண்ணும் ஒரு பிள்ளையின் டின்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. 2022-இல் அமெரிக்காவில் மிச்சிகனில் ஒரு பால்மா தொழிற்சாலை மூடப்பட்டதும் நாடு முழுக்கத் தட்டுப்பாடு. மே 22-ஆம் தேதி ஓர் இராணுவ விமானம் 35 தொன் அளவில் பால்மாவோடு இண்டியானபொலிஸில் இறங்கியது. அது புறப்பட்டது ஜேர்மனியின் ரம்ஸ்டைன் விமானத் தளத்தில் இருந்து. ஆக, இது முடியாத காரியம் இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு நாடு ஒத்துக்கொண்டால் விமானமே பறக்கும்.

இதுதான் என் திருத்தின தீர்ப்பு. பேரழிவில் ஒரு குழந்தை பிழைக்குமா என்பது பெற்றோரின் கெட்டித்தனத்தில் கொஞ்சம்தான் தங்கியிருக்கிறது. மிச்சமெல்லாம் தாய்க்குக் கஞ்சி ஊற்றுகிறவர் யார், பால்மா வரிசையை யார் நடத்துகிறார்கள், தலைகளை யார் நேர்மையாக எண்ணுகிறார்கள் என்பதில். படங்கள் தனி ஒரு தகப்பனையும் துவக்கையும் காட்டுவது, மற்றதைக் காட்டக் கனபேர் வேண்டும் என்பதால் ஆக இருக்கலாம்.

இயந்திரங்களில் நம்பிக்கை வைத்துத்தான் நானும் பிழைக்கிறேன். நான் இருக்கிற எர்லாங்கன் மருத்துவக் கருவிகளுக்குப் பெயர்போன ஊர். ஆனாலும் இன்று ஜேர்மன் மருத்துவமனைகளில் குறைமாதப் பிள்ளையைத் தாயின் அல்லது தகப்பனின் வெறும் நெஞ்சில் போடுகிறார்களே, அந்தக் கங்காரு முறை 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்கியுபேட்டர் போதாமல் தொடங்கியது. கரண்ட் போனாலும் வேலை செய்கிற கருவி அது ஒன்றுதான்.

இரண்டு வீட்டுப்பாடம். ஜேர்மன் பேரிடர் அலுவலகமான பிபிகே ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லீற்றர் தண்ணீர் வீதம், முடிந்தால் 10 நாளைக்கு வைத்திருக்கச் சொல்லுகிறது. அந்தக் கணக்கைப் போடும்போது உங்கட மாடிப்படியில் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று தெரிந்து வைத்து, இரண்டு போத்தல் கூட வாங்குங்கோ.

மற்றது, உங்கட வீட்டிலும் ஒரு சித்தி இருப்பா. ஸோம்பிக் கேள்வியையே சாட்டாக வைத்துக் கேளுங்கோ. நேரடியாகக் கேட்டால் சொல்லாத கதை, அப்படிக் கேட்டால் சில நேரம் வரும். என்னட்டை வந்தது. பதினாறு வருஷம் நான் கேட்கவே இல்லை.