கண்டியின் றக்பி மைதானங்கள் மகளிருக்கும் திறக்கட்டும்

ஸ்கொட்லாந்து மகளிர் றக்பி அணி தனது முதலாவது சர்வதேசப் போட்டியில் ஆடியது 1993 பெப்ரவரி 14ஆம் திகதி. எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் அயர்லாந்தை 10-0 என வென்றது. அந்த அணியில் அறிமுகமான டொனா கென்னடி 2010 வரை நாட்டுக்காக 115 போட்டிகளில் ஆடினார். ஸ்கொட்லாந்தின் ஆண் வீரர்கள் எவரும் இன்றுவரை எட்டாத எண்ணிக்கை அது. முழுநேர ஊதியம் பெறும் வீராங்கனை என ஒருவர்கூட அந்நாட்டில் இல்லாத காலத்தில் அவர் அதைச் சாதித்தார்.

இந்தக் கதை கண்டியில் வாழும் நமக்கு அந்நியமானதல்ல. ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும், 1904 முதல் திரித்துவக் கல்லூரியை நடத்திய அதிபர் பிரேசரும் ஸ்கொட்லாந்துக்காரர்களே. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. 1906இல் போகம்பரையில் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் மோதியதே இலங்கையின் முதலாவது பாடசாலை றக்பி போட்டி. 1945இல் தொடங்கிய பிரட்பி கேடயப் போட்டி இன்றும் இந்நகரின் திருவிழா. அந்த நாளில் கார் ஜன்னல்களில் கொடிகள் பறக்கும், வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் வந்து இறங்குவார்கள், கடை வாசல்களிலும் அதே பேச்சுத்தான். இவ்வளவும் ஆண் பிள்ளைகளுக்கு. நூறு வருடங்களுக்கு மேலாக றக்பியைத் தன் விளையாட்டு என்று சொல்லிவரும் நகரம், தன் பெண் பிள்ளைகளுக்கு அதில் பாதி இடத்தையாவது கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

2022இல் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில், அணிக்கு எழுவர் கொண்ட மகளிர் றக்பியில் மோதிய எட்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று, ஸ்கொட்லாந்தும் ஒன்று. நம் வீராங்கனைகள் பெரும் புள்ளி வித்தியாசங்களில் தோற்று எட்டாம் இடத்தில் முடித்தார்கள். அவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஸ்கொட்லாந்து 2016இலேயே ஜேட் கொங்கலை முழுநேர ஒப்பந்த வீராங்கனையாக்கியது. 2022 முடிவதற்குள் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு ஒப்பந்தம் வழங்கியது. இங்கே தேசிய அணிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் கழகங்களைச் சேர்ந்தவர்கள். படைகள் கைகொடுத்திராவிட்டால் மகளிர் அணியே இருந்திருக்காது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சீருடை அணிந்தால்தான் றக்பி ஆடலாம் என்ற நிலையில், கலஹாவிலோ தெல்தோட்டையிலோ படிக்கும் தமிழ் மாணவிக்கு அந்த வாசல் எவ்வளவு தூரம் என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

தோட்டப் பிள்ளைகளுக்கு றக்பியா என்று கேட்பவர்கள் மேற்கு வங்கத்தைப் பார்க்கட்டும். சிலிகுரிக்கு அருகே, பைகுந்தபூர் காட்டோரத்தில் சரஸ்வதிபூர் என்ற தேயிலைத் தோட்டம். காட்டு யானைகள் நடமாடும் இடம். கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் அமைப்பு சுமார் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அங்கே பந்தோடு போனது. தொழிலாளர் குடும்பத்துப் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளோடு ஒரே திடலில் பழகினார்கள். சில வருடங்களிலேயே அந்த ஒரு தோட்டத்திலிருந்து பல பெண்கள் இந்திய அணிக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான சந்தியா ராய், 2019இல் மகளிர் றக்பியை வளர்க்க நடந்த சர்வதேசப் பிரசாரத்தின் முகங்களில் ஒருவரானார். அதே வருடம் மணிலாவில் இந்திய மகளிர் சிங்கப்பூரை 21-19 என வென்றார்கள். பதினைவர் ஆட்டத்தில் இந்திய மகளிரின் முதல் வெற்றி அது. கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அங்கே முடிந்தது ஹந்தானையில் ஏன் முடியாது?

பெற்றோரின் பயத்தை நாம் தட்டிக்கழிக்கவில்லை. முட்டி மோதும் விளையாட்டு. தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்பது நியாயம். தலைக்காயங்கள் அதிகம் நேர்வது எதிராளியை மடக்கிப் பிடிக்கும்போதுதான், அதிலும் பிடிப்பவருக்குத்தான். ஆகவே முதலில் கற்க வேண்டியது அந்தப் பிடி. இடுப்புக்குக் கீழே தோளைக் கொடுத்து, தலையை எதிராளியின் உடலுக்குப் பின்பக்கமாக ஒதுக்கி, இரு கைகளாலும் கால்களைச் சுற்றி இறுக்க வேண்டும். தெரிந்த பயிற்றுநர் மண்டியிட்ட நிலையில் தொடங்கி, பிறகு நடந்து, கடைசியில்தான் ஓடிப் பிடிக்கச் சொல்வார். அதற்கும் முன்பு தொடுகை றக்பி இருக்கிறது. மோதலே இல்லை, தொட்டால் போதும். ஆபத்து பயிற்றுநர் இல்லாத இடத்தில்தான் அதிகம். எனவே தமிழில் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த பயிற்றுநர்களை, முக்கியமாகப் பெண் பயிற்றுநர்களை, முதலில் உருவாக்க வேண்டும்.

இன்னொன்று சாப்பாடு. மலையேறிக் கூடை சுமந்த பரம்பரை, உடம்பில் இயல்பாகவே வலு இருக்கும் என்று மேடையில் புகழ்வது சுலபம். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்வது வேறு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப் புறத்தில் 31.7 சதவீதம். பயிற்சி முடிந்த பிள்ளைக்கு முட்டையும் பாலும் கடலையும் கொடுக்காமல், பஸ் பிடித்து லயத்துக்குப் போக வழி செய்யாமல், திறமை தேடுகிறோம் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பணம் எங்கே என்பார்கள். 1994இல் மகளிர் உலகக் கிண்ணத்தை நடத்த வேண்டிய நெதர்லாந்து பின்வாங்கியபோது, ஸ்கொட்லாந்து வீராங்கனைகளே சுமார் மூன்று மாதங்களில் ஏற்பாடு செய்து அதைத் தங்கள் நாட்டில் நடத்தினார்கள். அவர்களது அணி பிறந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதே உலகக் கிண்ணத்தில், 2025 செப்டெம்பரில் இங்கிலாந்தும் கனடாவும் மோதிய இறுதிப் போட்டியை ட்விக்கன்ஹாமில் 81,885 பேர் பார்த்தார்கள். முதலில் முயற்சி, பிறகுதான் கூட்டமும் பணமும்.

கண்டியில் மைதானங்களுக்குக் குறைவில்லை. நித்தவெலையும் பல்லேகலையும் போகம்பரையும் இருக்கின்றன. பெரிய கல்லூரிகளின் திடல்கள் எல்லா நாளும் எல்லா நேரமும் நிரம்பி இருப்பதில்லை. வாரத்தில் இரு மாலைகளை மாணவிகளுக்கு ஒதுக்குமாறு அந்தக் கல்லூரிகளின் அதிபர்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம். மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் நகரின் மகளிர் கல்லூரிகளையும் தோட்டப் பாடசாலைகளையும் ஒன்றாகச் சேர்த்து, எழுவர் ஆட்டத்தில் வருடாந்தச் சுற்றுப்போட்டி ஒன்றைத் தொடங்க வேண்டும். கண்டி விளையாட்டுக் கழகம் தன் பெயரில் நிலையான மகளிர் அணியொன்றை நடத்தி, பாடசாலை முடித்த பெண்களுக்கு ஆட்டத்தோடு ஒரு தொழிலும் தேடித்தர வேண்டும். வங்கிகளும் தேயிலைக் கம்பனிகளும் ஆண்கள் அணிகளின் சட்டையில் தங்கள் பெயரைப் பொறிக்கக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இங்கே திருப்பட்டும். அடுத்த பருவத்துக்கான போட்டி அட்டவணை இன்னும் சில மாதங்களில் தயாராகும். அதில் மகளிர் பிரிவு இடம்பெற வேண்டும்.