கண்டுமுதல் யார் சொத்து?

எழுத்தாளர்கள் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவதாக மண்வாசனை வந்து உட்கார்ந்து கொள்கிறது. சமீபத்தில் அப்படி ஒரு சந்திப்பில் அமெரிக்க விவசாயத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே அறுவடை யந்திரத்துக்குள் சென்ஸார் வைத்து, வயலின் எந்த மூலையில் எவ்வளவு விளைந்தது என்று கணக்கெடுக்கிறார்கள் என்றார் ஒருவர். உடனே நாவலாசிரிய நண்பர் ஒருவர் பெருமூச்சு விட்டார். "மண்ணைக் கையால் அள்ளிப் பார்த்தே அறிந்தவன் செத்தான். இனி யந்திரம்தான் விவசாயி!" என்றார். கூட்டம் 'உச்' கொட்டியது.

நான் கொட்டவில்லை. நண்பர் அழுதது வாஸ்தவம். ஆனால் இழவு வீடு மாறி அழுதார் என்பது என் கட்சி.

அந்தக் கருவி செய்வது என்ன? யந்திரம் முன்னால் கதிரை அறுத்து, வயிற்றுக்குள்ளே போரடித்து, பதரைப் பின்னால் தள்ளிவிட்டு, சுத்தமான தானியத்தை மேலே ஏற்றுகிறது. ஏறிய தானியம் உச்சியில் ஒரு தகட்டின் மேல் மோதுகிறது. மோதும் வேகத்தையும் விசையையும் கொண்டு தானியத்தின் அளவு தெரிகிறது. ஈரம் எவ்வளவு என்று மற்றொரு கருவி சொல்கிறது. யந்திரம் அப்போது நின்ற இடத்தைச் செயற்கைக் கோள்கள் சொல்கின்றன. இவ்வளவையும் சேர்த்தால் வயலின் படம் கிடைக்கிறது: இங்கே கொழுத்த விளைச்சல், அங்கே சோனி. 1992-ல் அயோவா மாகாணத்து ஏம்ஸ் நகரில் அல் மையர்ஸ் என்ற என்ஜினீயர் இப்படிப்பட்ட கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 2000 மே மாதத்தில் செயற்கைக் கோள் சமிக்ஞையை வேண்டுமென்றே மழுங்கடிப்பதை அமெரிக்க அரசாங்கம் நிறுத்தியது. படம் இன்னும் தெளிந்தது.

இது மண்ணை அறிந்தவனுக்கு அவமானமா? கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவான் என்று நாம் கதைகளில் எழுதுகிறோமே, அந்தக் கண்ணைச் சற்றுச் சோதிப்போம். 1910-ல் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பார்வைக்கு ஒரே சீராக இருந்த ஒரு ஏக்கர் கோதுமையை 500 துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியாக அறுத்து நிறுத்தார்கள். ஒரு துண்டில் கிடைத்தது 2.73 பவுண்டு. இன்னொன்றில் 5.16 பவுண்டு! ஏறக்குறைய இரண்டு பங்கு. கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. கண் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அன்று அத்தனை கூலியாட்களும் தராசும் கொண்டு செய்த காரியத்தை இன்று யந்திரம் போகிற போக்கில் செய்கிறது. இதற்கா ஒப்பாரி?

கருவியைக் கும்பிடவும் சொல்லவில்லை. முன்னால் அறுத்த தானியம் தகட்டை எட்டச் சில வினாடிகள் ஆகும். அதைக் கழிக்காவிட்டால் இந்த இடத்து விளைச்சல் அடுத்த இடத்துக் கணக்கில் ஏறிவிடும். நிஜத் தராசில் நிறுத்துச் சரி பார்க்காவிட்டால் மொத்தமே பிசகும். அதைவிட முக்கியம், 'எவ்வளவு' என்று சொல்லத் தெரிந்த யந்திரத்துக்கு 'ஏன்' என்று சொல்லத் தெரியாது. அந்த மூலையில் விளைச்சல் படுத்ததற்குக் காரணம் புளித்த மண்ணா, இறுகிய மண்ணா, தூர்ந்துபோன வடிகால் குழாயா? தாத்தா காலத்தில் அங்கே மாட்டுக் கொட்டில் இருந்தது என்று சொல்ல ஒரு மனிதன் வேண்டும். ஆகவே நண்பர் சொன்ன விவசாயி சாகவில்லை. அவனுக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்திருக்கிறது.

அப்படியானால் அழ வேண்டிய இடம் எது? அந்தப் படம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

அறுக்கும்போதே கணக்கு யந்திரக் கம்பெனியின் கிடங்குக்கோ, வேறொரு வியாபாரியின் கிடங்குக்கோ போய்ச் சேர வழி இருக்கிறது. 2013-ல் விதை வியாபாரியான மான்சான்டோ, வானிலையையும் வயல் கணக்கையும் வைத்துத் தொழில் செய்த கிளைமேட் கார்ப்பரேஷனைச் சுமார் 93 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2018-ல் மான்சான்டோவையே பேயர் வாங்கியது. விதையும் மருந்தும் விற்பவனுக்கு, வாங்குபவனின் வயலில் எந்த மூலை பலவீனம் என்று தெரிவது எவ்வளவு சௌகரியம்! 2014-ல் விவசாயிகள் சங்கங்களும் கம்பெனிகளும் கூடி, வயலில் பிறக்கும் தகவல் விவசாயிக்கே சொந்தம் என்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டன. நல்ல வாசகம். ஆனால் அது சட்டமல்ல, விரும்பினால் கைக்கொள்ளலாம் என்ற சமாசாரம்.

சொந்த யந்திரத்தைத் தானே பழுது பார்க்கும் உரிமைக்குக்கூட அங்கே போராட வேண்டியிருந்தது. கொலராடோ மாகாணம் 2023-ல் அதற்காகத் தனிச் சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன், பழுது பார்க்கும் வழியை அடைத்து வைத்திருப்பதாகக் குற்றம் சாட்டி ஜான் டீர் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. யந்திரத்தின் மூடியைத் திறக்கவே தயங்க வேண்டியிருக்கும்போது, உள்ளே இருக்கும் கணக்கு அவனுடையது என்று எப்படி நம்புவது?

இன்னொன்று. அயோவாவின் விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். குத்தகை என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. 'இந்த வயல் இவ்வளவுதான் தரும்' என்று பேரம் பேசக் குத்தகைக்காரனுக்கு இருந்த ஒரே பலம், கண்டுமுதல் அவனுக்குத் தெரியும், நிலச் சொந்தக்காரனுக்குத் தெரியாது என்பது. அந்தப் படம் சொந்தக்காரன் கைக்குப் போனால் அடுத்த வருஷக் குத்தகை எந்தப் பக்கம் நகரும் என்று சொல்ல ஜோசியன் வேண்டாம். மண்ணைத் திருத்திப் பலன் கூட்டியவன் இவன். அந்தத் திருத்தத்துக்கே வாடகை கொடுக்கப் போகிறவனும் இவன்.

நமது இலக்கியக் கூட்டங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மண்வாசனை போயிற்றே என்று பாடிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பாட்டு கம்பெனிகளுக்கு ஒரு தொந்தரவும் தருவதில்லை. 'யந்திரமே வேண்டாம்' என்கிறவனைக் கிழவன் என்று தள்ளிவிடலாம். 'யந்திரம் இருக்கட்டும், கணக்கை என்னிடம் கொடு' என்கிறவனைத்தான் அவர்களால் தள்ள முடியாது.

அடுத்த முறை அந்த நண்பர் யந்திரத்தைப் பற்றிக் கதை எழுதினால், அதன் மேல் உட்கார்ந்திருப்பவன் யார், அவன் நிலத்துக்கு எவ்வளவு குத்தகை கொடுக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு எழுதட்டும். நானும் வாங்கிப் படிப்பேன்.