கேளாமை யார் குறை?

பார்வையற்ற ஒருவர் தெருவைக் கடக்க நின்றால், விரைந்து சென்று கைகொடுப்பார் பலர். செவி கேளாத ஒருவர் கேட்டதையே மீண்டும் கேட்டால், முகஞ் சுளிப்பார் பலர். நகைப்பார் அவரினும் பலர். நாடக மேடையிலும் திரைப்படத்திலும் பார்வையற்றவரைக் காட்டிக் கண்ணீர் வருவிப்பர். காது கேளாதவரைக் காட்டிச் சிரிப்பு வருவிப்பர். ஒன்றை வினவ வேறொன்று விடையாக வரும். அவையோர் கைகொட்டி ஆரவாரம் செய்வர். பயனற்ற முயற்சிக்குப் பழமொழி தேடிய தமிழ் மக்களும் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்றே வழங்கினர். ஊதியவன் வேறு வழி ஒன்றை நாடியிருக்கலாம் என்பதை அப்பழமொழி எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? பார்வையின்மை பிறர் கண்ணுக்குப் புலனாவது, கேளாமை புலனாகாதது. கேளாதவர் முகத்தில் அடையாளம் ஒன்றும் இல்லை. ஆதலின், அவர் விடை கூறாதிருந்தால் செருக்கு என்பர். மாற்றி விடை கூறினால் அறிவின்மை என்பர். கூட்டத்தினின்று ஒதுங்கி அமர்ந்தால் சிடுசிடுப்பு என்பர். இவ்வாறு பழிக்கப்படுவோர் சிலரே என்று எண்ணிவிடலாகாது. மருத்துவமோ கருவியோ பயிற்சியோ வேண்டும் அளவுக்குச் செவித்திறன் குறைந்தோர் உலகில் 43 கோடிப் பேர்க்கு மேல் உளர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நூற்றுவர்க்கு ஐவர் என்னும் அளவை இது கடந்ததாகும்.

கேளாமையின் இயல்பை அறியச் செவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். காற்றில் வரும் ஒலியலை செவிப்பறையை அதிர்விக்கும். அவ்வதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கொண்டு செல்லும். உட்செவியில் நத்தையின் ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன. அவையே அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. குரும்பி அடைத்தலாலோ நடுச்செவியில் சீழ் கோத்தலாலோ நேரும் குறையைப் பெரும்பாலும் மருத்துவத்தால் நீக்கலாம். நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மக்கட் செவியில் அவை மீண்டும் முளைப்பதில்லை. பிறவியும் முதுமையும் சில நோய்களும் சில மருந்துகளும் அவற்றை அழிக்கும், பேரிரைச்சலும் அழிக்கும். 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆயின் 4 மணி நேரமே கேட்கலாம். காதில் கருவியைச் செருகி இரவெல்லாம் இசை கேட்கும் இளைஞர்க்கு இக்கணக்குத் தெரிந்திருத்தல் நன்று.

கேளாமை என்றால் முழு அமைதி என்று பலர் கருதுகின்றனர். செவித்திறன் குறைந்தோருள் மிகப் பலர்க்கு ஒலி கேட்கின்றது, சொல் விளங்குவதில்லை. முதுமையாலும் இரைச்சலாலும் வரும் குறையில் முதலில் மறைவன உச்ச ஒலிகளே. பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த சுருதியும் மிக்க வலிமையும் உடையது. க, ச, ட, த, ப முதலிய வல்லின மெய்களின் ஒலியோ மெலிந்தது, கணத்தில் மறைவது. ஆகவே 'தாய்' என்றாலும் 'காய்' என்றாலும் 'பாய்' என்றாலும் அம்முதியவர் செவியில் 'ஆய்' என்பதே விழுகின்றது. உயிரின் துணையின்றி மெய் இயங்காது என்பர் இலக்கண நூலார். இவர் செவியிலோ உயிர் நிற்க, மெய் மறைந்து போகின்றது! இந்நிலையில் உரக்கக் கத்துவதால் பயன் என்ன? கத்தும்போது பெருகுவது பெரிதும் உயிரொலியே. வாயும் கோணி, கண்ணால் அறியக் கூடியதும் கெடுகின்றது.

'உதட்டசைவைப் பார்த்து அறிந்துகொள்ளலாமே' என்பாரும் உளர். அதுவும் அத்துணை எளிதன்று. பகரமும் மகரமும் ஈரிதழும் கூடப் பிறப்பன என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கற்றார் அறிவர். 'படம்' என்று ஒருமுறையும் 'மடம்' என்று ஒருமுறையும் கண்ணாடியின்முன் ஓசையின்றிச் சொல்லிப் பார்க்க. இரண்டிற்கும் வேறுபாடு காண இயலாது. ககரமோ நாவின் அடியில் பிறப்பது. காண்பார் கண்ணுக்கு அது தோன்றுவதே இல்லை. எனவே உதட்டைப் பார்த்து அறிபவர், கண்ட சிலவற்றைக் கொண்டு காணாத பலவற்றை ஊகித்து நிரப்புகின்றார். ஒரு சொல்லை ஊகிப்பதற்குள் அடுத்த நான்கு சொற்கள் கடந்துவிடும். மாலையில் அவர் சோர்ந்து வாய் மூடி அமர்ந்திருப்பாராயின், அது நாள் முழுதும் உழைத்த உழைப்பின் சோர்வே.

பிறவியிலேயே செவி கேளாத குழந்தையின் நிலை வேறு. அக்குழந்தைக்குப் பெரும்பாலும் நாவிலும் தொண்டையிலும் குறை இல்லை. கேளாத மொழியைப் பேசக் கற்கவில்லை, அவ்வளவே. அதனை 'ஊமை' என்பது பொருந்தாப் பெயர். பிறந்த சில நாள்களிலேயே செவியைச் சோதிக்கும் கருவிகள் இன்று உள்ளன. செவித்துணைக் கருவியோ, உட்செவியில் பொருத்தும் மின்கருவியோ இளமையிலேயே அமைந்தால் பல குழந்தைகள் பேச்சைக் கற்கின்றன. ஆயினும் கருவி எல்லார்க்கும் ஒருபடியாகப் பயன்படுவதன்று. எவ்வாறாயினும் இளமையில் குழந்தைக்கு ஒரு மொழி வேண்டும். அம்மொழி செவிவழியே வந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை, கண்வழியும் வரலாம்.

இதற்குச் சான்றாக நிற்பது ஒரு சிறு தீவு. அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலக் கரைக்கு அப்பால் 'மார்த்தாஸ் வினியர்டு' என்னும் தீவு உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய சில குடும்பங்களில் பிறவிக் கேளாமை வழிவழியாக இருந்தது. அவர்கள் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டமையால் அது பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ 5,700 பேர்க்கு ஒருவர் கேளாதவர். அத்தீவிலோ 155 பேர்க்கு ஒருவர். சில்மார்க் என்னும் ஊரில் 25 பேர்க்கு ஒருவர்.

அவ்வூரார் கேளாதவரை ஒதுக்கினரா? இல்லை. ஊரார் அனைவரும் சைகை மொழியைக் கற்றுக்கொண்டனர்! செவி கேட்கும் குழந்தையும் தாய்மொழியோடு அதனைத் தெருவிலேயே கற்றது. கேளாதவர்கள் உழுதனர், மீன் பிடித்தனர், கேட்பவரை மணந்தனர், ஊர்ப் பொறுப்புகளையும் ஏற்றனர். கேளாதவர் அருகில் இல்லாதபோதும் கேட்பவர்கள் தமக்குள் சைகையால் பேசிக்கொண்டனர். கடலில் குரல் எட்டாத தொலைவில் நின்ற படகோட்டிகள் கையசைத்து உரையாடினர். அம்மரபில் வந்த கடைசிக் கேளாதவர் 1952-இல் மறைந்தார். பின்னர் நோரா குரோஸ் என்னும் மானிடவியல் அறிஞர் அத்தீவு முதியோரை வினவி 1985-இல் ஒரு நூல் வெளியிட்டார். பழைய அண்டை வீட்டாருள் கேளாதவர் யார் யார் என்பதை அம்முதியோர் நினைந்து நினைந்தே சொல்ல வேண்டியிருந்ததாம். அவர் நல்ல மீனவர், இவர் நல்ல உழவர் என்பதே அவர்கள் நினைவில் முந்தி நின்றது. செவியின் நிலை அத்தீவிலும் பிற இடத்திலும் ஒன்றே. மாறியது சூழ இருந்தோர் நிலையே அன்றோ?

கற்றறிந்தார் அவையிலும் இவ்வுண்மை எளிதில் ஏறவில்லை. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர் மாநாடு ஒன்று கூடிற்று. கேளாத பிள்ளைகளுக்குச் சைகையை விலக்கி வாய்ப்பேச்சாலேயே கற்பிக்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. அங்கு வந்திருந்த 164 பேரில் கேளாதவர் ஒருவரே! அம்முடிவால் பல நாட்டுப் பள்ளிகளில் சைகை தடுக்கப்பட்டது. 2010-இல் கனடா நாட்டின் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு அம்முடிவை மறுத்து வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள்.

சைகை வெறும் கையாட்டம் அன்று. கையின் வடிவம், இடம், அசைவு ஆகியவை எழுத்துகளைப் போலக் கூடிச் சொல்லாகின்றன. சொற்கள் முறைப்படி தொடராகின்றன. இதனை 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி ஆராய்ந்து காட்டினார். இந்தியாவில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2015-இல் தோன்றியது. அது 2018-இல் வெளியிட்ட 3,000 சொற்கள் கொண்ட அகராதி, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கற்றறிந்தார் பொருளை உள்ளம் ஏற்றுக்கொள்வதே கேள்வி எனின், கண்வழி ஏற்பதும் கேள்வியே ஆகும்.

'தீவு சிறியது; நம் நாடோ பெரியது; எல்லாரும் சைகை கற்றல் இயலுமோ?' என்று வினவலாம். நாடு முழுதும் கற்க வேண்டுவதில்லை. கேளாத குழந்தை உள்ள வீட்டார் கற்க வேண்டும். அக்குழந்தை பயிலும் வகுப்பு கற்கலாம். மருத்துவமனையிலும் அஞ்சலகத்திலும் ஒருவரேனும் கற்கலாம். முதுமையில் செவி குறைந்தோர்க்குச் சைகையும் வேண்டுவதில்லை. செவித்துணைக் கருவியும் எதிரில் இருப்பவர் பொறுமையுமே வேண்டும். கண்ணாடி அணிய நாணாதவர் செவிக்கருவி அணிய நாணுகின்றனர். அந்நாணத்தை வளர்த்தது பிறர் நகைப்பே. அக்கருவி எல்லா ஒலியையும் பெருக்குவது. அறையில் மின்விசிறி இரைந்தால் அதனையும் பெருக்கும். கருவி அணிந்தவர்க்கு இனி எல்லாம் கேட்கும் என்று கருதிப் பக்கத்து அறையிலிருந்து அழைப்பவர், அக்கருவியின் இயல்பை அறியாதவர்.

வகுப்பறையில் செய்யத் தக்கவை சிலவே. ஆசிரியர் கரும்பலகையை நோக்கி எழுதிக்கொண்டே பேசினால் அம்மாணவனுக்குப் பாடம் நின்றுவிடுகின்றது. எழுதி முடித்துத் திரும்பிப் பேசினால் தொடர்கின்றது. பேசுவோர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஒரு சொல் விளங்காவிடின் அதனையே மும்முறை கூறாது, வேறு சொல்லால் கூற வேண்டும். 'என்ன சொன்னார்கள்?' என்று அவன் கேட்கும்போது, 'ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்' என்பதே பெரும்பாலும் வரும் விடை. கேளாதோர் தம் வாழ்நாளில் மிகுதியாகக் கண்ட தொடர் அதுவாகத்தான் இருக்கும். அந்தப் 'பிறகு' வருவது அரிது. வகுப்பில் நகையொலி எழும்போது, அதன் காரணத்தைக் குறிப்பேட்டின் ஓரத்தில் இரண்டு சொல்லில் எழுதிக் காட்டப் பக்கத்து மாணவனுக்கு அரை நிமிடம் போதும்.