இடக்கை விதியும் நம் தலைக்கு மேலுள்ள வானமும்

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

ஃபிளெமிங்கின் இடக்கை விதியைக் கூறுக என்று வினாத்தாளில் வந்தால் நம்மில் விடை எழுதாதவர் எவருமில்லை. சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் விசை, மதிப்பெண் நிச்சயம். அதே மாணவரிடம், “நம் கல்லூரிக் கூரைக்கு நேர் மேலேயிருந்து ஒரு புரோட்டான் இறங்கி வருகிறது, பூமியின் காந்தப்புலம் அதை எந்தப் பக்கம் தள்ளும்?” என்று கேட்டுப் பாருங்கள். “வடக்கே” என்று சொல்பவர்களே மிகுதி. காந்தம் என்றால் இழுக்கும், காந்த ஊசி வடக்கே காட்டும், ஆகவே துகளும் வடக்கே போகும் என்பது அவர்கள் கணக்கு. விதியை ஒப்பிக்கும் விரல்கள் விடை சொல்லும் வேளையில் சட்டைப்பைக்குள் போய்விடுகின்றன.

விடை கிழக்கு. சுட்டுவிரலை வடக்கே நீட்டி, நடுவிரலைத் தரை நோக்கிக் காட்டினால் பெருவிரல் கிழக்கைத்தான் காட்டும். எலெக்ட்ரானாக இருந்தால் மேற்கு.

இக்குறை மாணவருடையது அன்று. பாடம் தொடங்கும் இடம் சரியில்லை என்பதே என் கருத்து. இயங்கும் மின்னூட்டத்தின் மீது காந்தப்புலம் செலுத்தும் விசையைப் படிக்க நாம் முதலில் போவது கலிபோர்னியாவுக்கு. லாரன்ஸின் சைக்ளோட்ரான் படத்துக்கு. அந்த எந்திரத்தை நம்மில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதே விசை இரவும் பகலும் வேலை செய்கிற இடம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. அதுவும் நம் ஊரில் அது மிகச் சிறப்பாகவே வேலை செய்கிறது.

காந்த நடுவரை இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைந்ததற்கு அதுவே காரணம். ஆகையால் சீர்காழியில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடையாகவே படுத்திருக்கிறது. சரிவுக் கோணம் சில பாகைகளே. தொடுகோட்டுக் கால்வனோமீட்டர் சோதனையில் நாம் கண்டுபிடிக்கும் கிடைத்தளக் கூறு சுமார் 0.4 காஸ். பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கியதும் மறந்துவிடுகிற அந்த எண், இங்கே புலத்தின் பெரும்பகுதியும் ஆகும். லண்டனிலோ சரிவுக் கோணம் 66 பாகை. கிடைத்தளக் கூறு நமக்குள்ளதில் பாதியளவே. அங்கே நேர்செங்குத்தாக விழும் துகள் காந்தக்கோடுகளைப் பெரிதும் ஒட்டியே இறங்கும். அதன்மீது விசை குறைவு. இங்கே அது கோடுகளைச் செங்குத்தாகக் குறுக்கே வெட்டுகிறது. விசை முழுமை பெறுகிறது. திருமுல்லைவாசல் படகில் மட்டமாக நிற்கும் திசைகாட்டியின் முள், ஐரோப்பாவில் எடைகட்டிச் சமன் செய்யாவிட்டால் மூக்கைக் கீழே குத்திக்கொள்ளும். நம் பாடநூல்களோ அங்கே வரைந்த படங்களை இங்கே அச்சடிக்கின்றன.

நேர் மின்னூட்டத் துகள் கிழக்கே தள்ளப்படும் என்ற இச்சிறு செய்தி, அறிவியல் உலகில் ஒரு பெரிய வழக்கைத் தீர்த்தது. காஸ்மிக் கதிர்கள் மேற்குப் பக்கத்திலிருந்தே மிகுதியாக வருகின்றன என்று 1933இல் மெக்சிகோ நகரில் அளந்து கண்டார்கள். அவற்றில் நேர் மின்னூட்டத் துகள்களே மிகுதி என்று அதனால் தெரிந்தது. இரண்டு மதிப்பெண் விதிக்கு இவ்வளவு வலிமை உண்டு!

நிற்க. காந்த விசை துகளின் வேகத்தைக் கூட்டும் என்பது இன்னொரு தவறான எண்ணம். சைக்ளோட்ரான் படம் இதை வளர்க்கிறது. இயக்கத்துக்குச் செங்குத்தாகவே அமைந்த விசை எப்படி வேலை செய்யும்? முளையில் கட்டிய கன்று கயிறு விறைக்கச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கயிறு அதன் பாதையைத் திருப்புகிறதே அல்லாமல் ஓட்டத்துக்கு வலுச் சேர்ப்பதில்லை. சைக்ளோட்ரானிலும் ஆற்றல் தருவது இடைவெளியிலுள்ள மின்புலமே. காந்தம் திருப்பி அனுப்பும் வேலையை மட்டும் பார்க்கிறது.

திருப்பி அனுப்புவதையும் எளிதாக எண்ணிவிட வேண்டாம். உதகையில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘கிரேப்ஸ்-3’ ஆய்வுக்கூடம் இருக்கிறது. 560 சதுர மீட்டர் பரப்பில் 3,712 குழாய் எண்ணிகளை அடுக்கி, காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான்களை அங்கே எண்ணுகிறார்கள். செங்குத்தாக வரும் புரோட்டானுக்கு ஏறக்குறைய 1,700 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இல்லையேல், பூமியின் காந்தம் அதை உதகைக்கு விடாது, விண்வெளிக்கே வளைத்துவிடும். துருவங்களில் இந்தக் காவல் இல்லை.

2015 ஜூன் 22ஆம் நாள், சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு பெரும் வீச்சு பூமியின் காந்த மண்டலத்தை அழுத்தியது. உதகையில் நள்ளிரவையொட்டி ஏறக்குறைய 2 மணி நேரம் மியூவான் எண்ணிக்கை உயர்ந்தது. காவல் சற்றுத் தளர்ந்ததால் வழக்கமாக நுழைய முடியாத துகள்கள் நுழைந்தன என்று அக்குழுவினர் 2016இல் வெளியிட்டார்கள். பகற்பக்கத்தில் புகுந்த துகள்கள் 180 பாகை அளவுக்கு வளைந்து, இருட்டில் கிடந்த நம் பக்கம் வந்து சேர்ந்தன என்பது அவர்கள் தந்த விளக்கம். நாம் உறங்கிக்கொண்டிருந்தபோது நடந்த லாரன்ட்ஸ் விசைச் சோதனை இது!

இதை வகுப்புக் கணக்காக்குவது கடினமன்று. மேற்சொன்ன ஆற்றலுள்ள புரோட்டானையும் நம் கால்வனோமீட்டர் தந்த 0.4 காஸையும் ஆரத்துக்கான சூத்திரத்தில் இடுங்கள். புலம் எங்கும் ஒரே அளவு என்று கொண்டால் ஆரம் சுமார் 1,400 கிலோமீட்டர் வருகிறது. ஏறத்தாழச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் உள்ள வான்வழித் தூரம். “ஒரு புரோட்டான் ஒரு சீரான புலத்தில் நுழைகிறது” என்று ஊரும் பேருமில்லாமல் வரும் கணக்கைவிட இது மனத்தில் நிற்காதா?

பாடத்திட்டம் பல்கலைக்கழகம் வகுத்தது, நேரமும் போதாது என்று பேராசிரியப் பெருமக்கள் கூறலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் நான் கேட்பது புதுப் பாடமன்று. இருக்கும் பாடத்துக்குப் பத்து நிமிட முன்னுரை. ஆய்வகத்தில் கதோடு கதிர்க் குழாயுள்ள பழைய ஆஸிலாஸ்கோப் ஒன்று இருந்தால் போதும். திரையில் ஒளிப்புள்ளியை நிறுத்தி, பக்கவாட்டில் ஒரு சட்டக் காந்தத்தைக் கொண்டு வாருங்கள். புள்ளி காந்தத்தை நோக்கியும் வராது, விலகியும் ஓடாது. மேலோ கீழோ நகரும். காந்தத்தைத் திருப்பிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் போகும். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே இதை முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, “ஏன்?” என்று மட்டும் கேட்டு நிறுத்துங்கள். அன்று இரவு விடுதியில் எத்தனை பேர் இடக்கை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வந்து பாருங்கள்.