குஞ்சும் அடைக்கோழியும்

கடலை மாத்திரம் நம்பிய குடும்பத்துக்குக் கடல் அடைத்த நாளெல்லாம் அடுப்பும் அணைந்த நாளாகும். முத்துக்குளித்துறை என்று உலகம் புகழ்ந்த நமது தென்கரையில் இவ்வுண்மையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. மீன் பெருகும் பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையிலே கட்டப்பட்டுக் கிடக்கின்றன. நாட்டுப் படகுகளுக்கு அத்தடை இல்லையென்றாலும், காற்றும் கடற்கொந்தளிப்பும் ஆண்டு முழுவதும் தமக்கு வேண்டிய நாட்களில் தாமே தடை விதித்துக்கொள்கின்றன. மணப்பாட்டின் மணற்குன்றின்மேல் நின்று பார்ப்பவர்களுக்கு மூன்று புறமும் கடல் தெரியும். நான்காவது புறத்தில் வீடுகளும், பனைகளும், வீட்டுக்குப் பின்னே சிறிது மணலும் தெரியும். அந்தச் சிறிது மணலைப் பற்றியே இன்று நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

வீடுதோறும் புறக்கடையில் நான்கு கோழிகளும் நான்கு மரங்களும் இருக்க வேண்டுமென்பது புதிய உபதேசமன்று; நமது பாட்டிமார் அறிந்த விஷயம். ஆயினும் இதைச் சர்க்கார் செய்ய முற்படும்போது தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் 85 கோடிக்கு மேல். அவற்றில் 12 கோடிக்கு மேல் தமிழ்நாட்டில் இருப்பதால், மாகாணங்களில் முதலிடம் நமக்கே கிடைத்திருக்கிறது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் இப்பறவைகளில் பெரும்பகுதி நாமக்கல், பல்லடம் முதலிய இடங்களின் பண்ணைக் கூடங்களில் இருக்கின்றன. ஏழையின் முற்றத்தில் இல்லை. முட்டை மலிந்த நாட்டில் முட்டையை விலைக்கு வாங்கும் கிராமங்கள் மலிந்திருக்கின்றன.

இந்தக் குறையைப் போக்கும் நல்லெண்ணத்தோடு, 2018-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 77,000 ஏழைப் பெண்களுக்குத் தலைக்கு 50 கோழிக்குஞ்சுகள் விலையின்றி வழங்குவதாகச் சர்க்கார் அறிவித்தார்கள். கொடுத்த கையை நாம் குறை கூறவில்லை. கொடுத்த பொருளைப் பற்றியே நமக்கு ஒரு கேள்வி உண்டு. குஞ்சு வளரும், முட்டையிடும், விற்கப்படும், அல்லது நோயில் மடியும். அதற்கு அடுத்த குஞ்சு எங்கிருந்து வரும்?

கோழிக்கு அடை குணம் என்று ஒன்று உண்டு. சில முட்டைகள் இட்ட பின்னர் இடுவதை நிறுத்தி, உண்ணுதல் உறங்குதலையும் மறந்து, முட்டைகளின்மீது அமர்ந்துவிடும் குணம் அது. முட்டை வியாபாரிக்கு இக்குணம் நஷ்டம். அடை உட்கார்ந்த கோழி முட்டையிடாது. ஆகவே சாஸ்திர முறைப்படி இனம் பெருக்கியவர்கள், தலைமுறை தலைமுறையாக அடை குணம் குறைந்த கோழிகளையே பொறுக்கியெடுத்தார்கள். இப்பொழுது புறக்கடைக்கென்று சிபார்சு செய்யப்படும் வனராஜா, கிராமப்பிரியா போன்ற அபிவிருத்தி இனங்களில் இக்குணம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. அவை முட்டையிடும் கோழிகள், தாய்க்கோழிகள் அல்ல. அவற்றை வளர்ப்பவள் ஒவ்வொரு முறையும் குஞ்சு பொரிப்பகத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். நூலை அந்நியனிடம் வாங்கி நெய்த துணியைச் சுதேசித் துணி என்று கொண்டாடியவர்களைக் கண்டு அக்காலத்துப் பெரியோர் நகைத்தார்கள். குஞ்சை வெளியிலிருந்து வாங்கி வளர்ப்பதைப் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்று சொல்லுவதும் ஏறக்குறைய அது போன்றதே.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதையும் நேர்மையாக எடுத்துரைப்பது நமது கடமை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50 அல்லது 60 முட்டைகளுக்கு மேல் இடுவது அரிது. அபிவிருத்தி இனங்களோ 150-க்கு மேலும் இடுகின்றன. ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் பழைய கோழியை ஏன் கட்டி அழ வேண்டும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டில் ஒன்றைத் துறக்க வேண்டுமென்று யார் சொன்னது? அபிவிருத்தி இனத்தின் கருக்கொண்ட முட்டைகளை நாட்டுக்கோழியின் அடியில் அடை வைத்தால், அது தன் முட்டை, பிறர் முட்டை என்று வழக்காடுவதில்லை. சப்போட்டா மரத்தை நோக்குங்கள். மெக்ஸிகோ நாட்டிலிருந்து வந்த அம்மரத்தை நமது வறண்ட காட்டுப் பாலை மரத்தின் வேரில் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். கனி எங்கிருந்து வந்தாலும் வேர் நம்முடையதாக இருக்கிறது. கோழி விஷயத்திலும் இதுவே உசிதமான வழி.

அடை வைப்பது பெரிய வித்தையன்று. ஆயினும் சிரத்தை வேண்டும். இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத, விரிசலில்லாத, நடுத்தரமான முட்டைகள் பத்துப் பன்னிரண்டு ஒரு கோழிக்குப் போதும். பேராசையால் இருபது வைப்பவர்களுக்கு ஓரத்து முட்டைகளெல்லாம் கூமுட்டையாகும். ஏழாம் நாள் இரவு விளக்கின் முன்னே முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ளதில் சிலந்தி வலைபோல் இரத்த நரம்புகள் ஓடுவது தெரியும். ஒன்றும் தெரியாததை எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் குஞ்சு ஓட்டைக் கொத்தி வெளிவரும். இயந்திரப் பொரிப்பான் வைத்திருப்பவர்கள் 37.5 டிகிரி செல்ஷியஸ் சூட்டையும், தக்க ஈரப்பதத்தையும் காத்து, நாள்தோறும் பலமுறை முட்டைகளைப் புரட்ட வேண்டும். மின்சாரம் போய்விட்டால் கவலையும்பட வேண்டும். தாய்க்கோழி இவையனைத்தையும் சம்பளமின்றிச் செய்கிறது. இடி இடித்தால் கரு கலையுமென்று அடைக்கூடையில் இரும்புத் துண்டு வைப்பது நமது வழக்கம். இரும்பு காக்குமோ காக்காதோ, கூடையை மழையும் எறும்பும் அண்டாத இடத்தில் வைப்பது நிச்சயமாகக் காக்கும்.

ஒரு கோழி ஆண்டுக்கு இருமுறை அடை கிடந்து, முறைக்குப் பத்துக் குஞ்சு பொரித்து, அவற்றில் பாதியே பிழைத்தாலும் ஆண்டுக்குப் பத்துக் கோழிகள். மறு பாதியைப் பறிப்பவை பருந்தும் கீரியும் வெள்ளைக்கழிச்சலும். முதலிரண்டுக்கும் பஞ்சாரம் போதும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தைத் தவிர வேறு கதியில்லை. இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேட்டில் 1920-களில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற இந்நோய், ஒரு தெருவில் புகுந்தால் அத்தெருக் கோழிகளைத் துடைத்துவிட்டுப் போகும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டும், எட்டாம் வாரம் ஓர் ஊசியும் இடுவது முறை. ஆனால் மருந்து பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான குப்பிகளில் வருகிறது. திறந்த குப்பி சில மணி நேரத்துக்கு மேல் நில்லாது. ஐந்து கோழி வைத்திருப்பவள் தனியே என்ன செய்வாள்? கால்நடைத் துறையார் பிப்ரவரி மாதத்தில் நடத்தும் இருவார முகாம் நல்லதே. ஆயினும் மார்ச்சில் பொரித்த குஞ்சு அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்குமா?

தீனி விஷயத்தில் கடற்கரை ஊருக்கு ஒரு பாக்கியமும் ஓர் அபாயமும் உண்டு. மீனின் கழிவு கோழிக்கு மிகுந்த வலுவைத் தரும். கிளிஞ்சலை இடித்துப் போட்டால் முட்டையின் ஓடு உறுதிப்படும். ஆனால் உப்பிட்ட கருவாட்டின் கழிவைப் போடலாகாது. உப்பு மிகுந்தால் கோழி மடியும். மீன் மிகுந்தாலோ முட்டையில் வாடை வீசும். சிறு குஞ்சுகளுக்கு, சாணமும் ஈர வைக்கோலும் இட்ட பானையைக் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடித்துப் போடும் பழைய முறைக்கு இணையான தீனி வேறில்லை.

கோழியைச் சொன்ன வாயால் மரத்தையும் சொல்ல வேண்டும், ஒன்றுக்கொன்று துணை. மரம் கோழிக்கு நிழலும், பருந்திடமிருந்து மறைவும் தருகிறது. கோழி மரத்தடியில் பூச்சியைப் பொறுக்கி எருவைத் தருகிறது. அவ்வெருவைப் பச்சையாக இட்டால் வேர் கருகும். மக்கவைத்தே இட வேண்டும். உப்புக்காற்றுக்கு அஞ்சாத சப்போட்டா, இலந்தை, நெல்லி, மணலில் செழிக்கும் முந்திரி, சீக்கிரம் பலன் தரும் முருங்கை, வேலியோரத்தில் கொடுக்காப்புளி ஆகியவை இக்கரைக்குத் தக்கவை. தண்ணீருக்கு எங்கே போவதென்று கேட்பவர்கள் திருச்செந்தூர் நாழிக்கிணற்றை நினைக்கட்டும். கடலோர மணலின் கீழ் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய ஆடைபோல் மிதந்து நிற்கிறது. குடத்தால் மொண்டால் அது கொடுக்கும். இயந்திரத்தால் உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலெழுந்து கிணறு கெடும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் நான்கு மரங்களுக்குப் போதும். ஆகவேதான் நான்கு மரம் என்கிறோம்; தோப்பு என்று சொல்லவில்லை.

இனி, செய்ய வேண்டியது என்ன? மணப்பாட்டுப் பெண்கள் பனையோலை முடைவதில் பெயர் பெற்றவர்கள். அத்தொழிலுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள். அதே முறையில் கோழிக்கும் ஒரு சங்கம் அமைக்கட்டும். சர்க்கார் ஐம்பது குஞ்சுகளுக்குப் பதில், வீட்டுக்கு இரண்டு அடைக்கோழியும், ஊருக்குச் சில நல்ல சேவல்களும், கருமுட்டைகளும், இரண்டு ஒட்டுக்கன்றுகளும் தரட்டும். மாதம் ஒரு நாள் குறித்து, ஊரிலுள்ள குஞ்சுகளையெல்லாம் ஒருங்கே சேர்த்து, ஒரே குப்பியில் மருந்திடட்டும். இதற்குச் செலவு குறைவு. விழா எடுப்பதற்கு இடமும் குறைவு. ஒருவேளை அதுவே இதன் குறை போலும்!

கிராமத்தின் செல்வம் கிராமத்திலேயே மறுபடி பிறக்க வேண்டுமென்று காந்தியடிகளும், 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாயிருந்த நமது குமரப்பாவும் ஓயாது சொன்னார்கள். மணப்பாட்டுக்கு அருகிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வானத்தை நோக்கிய அம்முயற்சி வெல்க என்று மனமார வாழ்த்துகிறோம். அதன் நிழலில் வாழும் மீனவர் வீட்டுப் பெண், கடல் சீறிய நாளில் பிள்ளைக்கு ஒரு முட்டையும் ஒரு பழமும் தன் புறக்கடையிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் நிலையும் வர வேண்டும். அதற்கு வேண்டியது 21 நாள் பொறுமையும் ஓர் அடைக்கோழியும். அதிகாரிகள் முன்னதைக் கற்றுக்கொண்டு, பின்னதைக் கொடுப்பார்களாக.